பிள்ளைகளுக்கு உளவியல் சொல்லிக் கொடுங்கள், வாட்ஸ்அப் பயம் தானாகக் குறையும்



முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நான்கு குழுக்களுக்குத் தட்டிவிடுகிற வழக்கத்தை இன்று ஒருநாள் நிறுத்தி வையுங்கள். நம்ம கட்சிப் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்காகவே படிக்காமல் பகிர்வதும், இந்தப் பதிவு பேசப்போகிற நோயின் அறிகுறிதான்.

2018 மே மாதம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போகிறது. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம், அத்திமூர். வழி கேட்க வண்டியை நிறுத்துகிறார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு, வண்டியில் இருந்த 65 வயது அம்மா சாக்லேட் கொடுக்கிறார். நம்ம வீட்டுப் பாட்டி என்ன செய்வாரோ அதைத்தான் அவரும் செய்தார். 'பிள்ளை பிடிக்கிறவங்க வந்துட்டாங்க' என்று யாரோ குரல் கொடுக்க, ஊர் திரண்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்களுக்கும் பலத்த காயம். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார்.

அடித்தவர்கள் யார்? கூலிக்கு ஆள் அடிக்கிறவர்களா? பிள்ளையைப் பெற்றவர்கள். பயந்து போயிருந்தவர்கள். 'வடநாட்டுலேர்ந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு' என்ற ஆடியோவை வாரக்கணக்கில் கேட்டவர்கள். அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ நினைவிருக்கிறதா? பைக்கில் வருகிற இரண்டு பேர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, 'ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள்' என்கிற அர்த்தத்தில் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவதோடு அது முடியும். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படத்தை வைத்தே ஆளைக் கொல்லும் பயத்தைப் பரப்பினார்கள்.

இப்போது ஐந்து வருடம் தள்ளி வாருங்கள். 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு மாநிலங்களில் நடந்த கொலைகள், நம் ஊரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த வெட்டுக்குத்து, எல்லாவற்றையும் ஒட்டவைத்து 'தமிழன் செய்தான்' என்று தலைப்பு வைத்தார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அந்த அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்த பிள்ளைகளை ஊரில் இருக்கிற அம்மாக்கள் அழுதபடி போனில் கூப்பிட்டார்கள். நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! 'எப்படிடா இதை நம்புனீங்க? நாங்க அப்படிப்பட்டவங்களா?' என்று கேட்டோம். நியாயமான கேள்விதான்.

ஆனால் 2018-இல் வடநாட்டுக்காரன் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறான் என்று நம்பியது யார்? நாம்தானே.

இரண்டு பொய்யும் ஒரே அச்சில் வார்த்தவை. 'நம்ம ஆட்கள்', 'அவங்க ஆட்கள்' என்று முதலில் ஒரு கோடு. அவங்க நம்ம பிள்ளைகளை, நம்ம பையன்களைக் குறிவைக்கிறார்கள் என்று ஒரு பயம். உடனே செய்யாவிட்டால் ஆபத்து என்று ஒரு அவசரம். பாட்னாவில் இருக்கும் மனசும் போளூரில் இருக்கும் மனசும் இதில் ஒன்றுதான். இதை விளக்குவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதற்குப் பெயர் சமூக உளவியல். அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே மாட்டோம் என்று நாடே சபதம் எடுத்ததுபோல இருக்கிறோம்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்பு சமூக அறிவியலைத் திறந்து பாருங்கள். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல். நான்கும் வேண்டியவைதான். 7-ஆம் வகுப்புக் குடிமையியலில் 'ஊடகமும் ஜனநாயகமும்' என்று ஒரு பாடம்கூட இருக்கிறது. அதை வைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தப் பாடம் ஊடகம் என்றால் என்ன, அதன் வகை என்ன, பணி என்ன என்பதைத்தான் சொல்கிறது. அந்த ஊடகத்தைப் பார்க்கிற நம்ம மனசு எப்படி வேலை செய்கிறது? கூட்டத்தோடு சேர்ந்தால் அது ஏன் மாறுகிறது? திரும்பத் திரும்பக் கேட்டால் ஏன் நம்புகிறது? அது எந்த வகுப்பில் வருகிறது?

சி.பி.எஸ்.இ.-யில் 12-ஆம் வகுப்பு உளவியலில் மனப்பான்மை, முன்முடிவு, குழுவின் தாக்கம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது விருப்பப்பாடம். அந்தப் பிரிவு இருக்கிற பள்ளியில், அதை எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும். உங்க ஊர் அரசு மேல்நிலைப்பள்ளியில் போய் 'உளவியல் குரூப் இருக்கா சார்' என்று கேட்டுப் பாருங்கள். பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர், காமர்ஸ் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இருப்பதையும் விட்டுவைத்தார்களா? 2022-இல் 'பாடச்சுமையைக் குறைக்கிறோம்' என்று சொல்லி என்.சி.இ.ஆர்.டி. கத்திரிக்கோலை எடுத்தது. முகலாயர் பகுதிகளையும் குஜராத் கலவரத்தையும் வெட்டியது பற்றி எல்லோரும் பேசினோம். 12-ஆம் வகுப்பு உளவியலில் 'உளவியலும் வாழ்க்கையும்' என்ற அத்தியாயம் முழுசாகப் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதில் என்ன இருந்தது தெரியுமா? வறுமை, பாகுபாடு, வன்முறை, அப்புறம் தொலைக்காட்சி மனித நடத்தையில் ஏற்படுத்தும் தாக்கம். ராத்திரி ஒன்பது மணி விவாதக் கூச்சலில் ஓட்டு வாங்குகிறவர்களுக்கு, தொலைக்காட்சி மனசை என்ன செய்கிறது என்று பதினேழு வயதுப் பிள்ளை படிப்பது சுமையாகத்தான் தெரியும்.

சரி, என்ன சொல்லிக் கொடுக்கச் சொல்கிறோம்? 'போலிச் செய்தியை நம்பாதீர்கள்' என்று சுவரில் எழுதுவதையா? வருடத்துக்கு ஒருநாள் யாராவது வந்து அரை மணி நேரம் பேசிவிட்டு, உறுதிமொழி எடுக்கவைத்துப் போவதையா? அது போதாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அத்திமூரில் கூடிய கூட்டத்துக்குத் தகவல் பற்றாக்குறை மட்டும் பிரச்சினை இல்லை. சந்தேகப்பட்டவர்கள் சிலராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அவர்கள் வாயைக் கட்டியது எது? அதைத்தான் வகுப்பில் காட்ட வேண்டும். அதற்கு ஸ்மார்ட் போர்டு தேவையில்லை, ஒரு சாக்பீஸ் போதும்.

1951-இல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மட்டுமே நிஜமாகச் சோதிக்கப்படுபவர். மற்றவர்கள் எல்லாம் ஆஷ் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்கள். அவர்கள் வரிசையாகத் தப்பான கோட்டையே சொல்வார்கள். கடைசியில் நம்மாள் முறை வரும். கண் முன்னால் சரியான கோடு தெரிகிறது. ஆனாலும் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான விடையைச் சொன்னார்கள். தனியாகக் கேட்டபோது தவறு கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அதற்கு அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியம். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும், நம்மாளுக்கும் தைரியம் வந்துவிடும். கூட்டத்துக்குப் பணிவது பெருமளவு குறைந்துபோனது. ஒரே ஒரு ஆள்! இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு பீரியடில் நடத்திக் காட்டலாம். முதலில் சிரிப்பார்கள். பிறகு, தெருவில் கூட்டம் கூடும்போது 'ஒரு நிமிஷம், போலீஸைக் கூப்பிடலாம்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டுத்தான் இது மனதில் நிற்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று. 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்ற ஆரம்பிக்கிறது என்று காட்டியது. ஆதாரம் கூடவில்லை, காதுக்குப் பழகியது மட்டும்தான் நடந்தது. குடும்பக் குழுவில் மாமா ஒரு தடவை, ஆபீஸ் குழுவில் ஒருவர் ஒரு தடவை, பழைய பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் இன்னொரு தடவை. மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னதாக நமக்குப் படுகிறது. மூன்றும் ஒரே இடத்தில் ஒரே ஆள் தட்டச்சு செய்தது.

'அதான் வள்ளுவரே சொல்லிட்டாரே' என்று குறளை ஸ்டேட்டஸில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொன்னார். இரண்டாயிரம் வருடமாகப் படிக்கிறோம். குறளை மனப்பாடம் செய்து பத்துக்குப் பத்து வாங்கிய கையே அந்த ஆடியோவை அனுப்பியது. அறிவுரைக்கும் பயிற்சிக்கும் இருக்கிற தூரம் அவ்வளவு.

ஒரு காலத்தில் இந்தப் பயிற்சி நமக்கு வேறு வழியில் கிடைத்துக்கொண்டிருந்தது. படிப்பகத்திலும் டீக்கடை பெஞ்சிலும் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள். 'அவன் பத்திரிகை அப்படித்தான் எழுதுவான், இவன் என்ன எழுதியிருக்கான் பாரு' என்று அடுத்த பேப்பரை ஒருவர் எடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கூட, எந்தப் பேப்பர் யார் பக்கம் என்று தெரிந்துவைத்திருப்பார். மறுத்துப் பேச எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். இன்று நான்கு அங்குலத் திரையைத் தனியாகப் பார்க்கிறோம். மறுப்பவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடலாம். டீக்கடையில் யாரையும் ரிமூவ் பண்ண முடியாது.

இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. 1937-இல் நியூயார்க்கில் 'பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஹிட்லரின் பிரச்சாரம் உலகை மிரட்டிக்கொண்டிருந்த காலம். பிரச்சாரத்தின் ஏழு தந்திரங்களை அவர்கள் பட்டியல் போட்டார்கள். கெட்ட பெயர் சூட்டுவது, பளபளப்பான வார்த்தையால் மயக்குவது, பிரபலத்தைப் பேசவைப்பது, 'நானும் உங்களைப் போல ஏழைதான்' என்பது, சாதகமானதை மட்டும் அடுக்குவது, 'எல்லோரும் இங்கே வந்தாச்சு, நீ மட்டும் ஏன் அங்கே' என்பது. எழுதி முடிக்கும்போது நம் ஊர்த் தேர்தல் மேடை கண்முன் வருகிறதா? எனக்கும் வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் அதைப் பாடமாக நடத்தினார்கள். 1942-க்குள் நிறுவனம் மூடப்பட்டது. அமெரிக்கா போருக்குள் இறங்கிவிட்டது. பிரச்சாரத்தைக் கூறுபோட்டுப் பார்க்கும் பிள்ளை, சொந்த அரசின் பிரச்சாரத்தையும் கூறுபோடுவான் இல்லையா?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2018-இல் கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளை நடத்தினார்கள். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராகப் பரவிய வாட்ஸ்அப் வதந்தி அவர்களை அங்கே தள்ளியது. இதே தடுப்பூசி முகாம் 2017-இல் நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. இதே வதந்தி இங்கேயும் வந்தது. பள்ளிக்கூட வாசலிலேயே பெற்றோர் 'என் பிள்ளைக்குப் போடாதீங்க' என்றார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து அவர்கள் ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். நாம் தேதியை மட்டும் தள்ளிவைத்தோம்.

டெல்லியின் வழி வேறு. எது பொய் என்று தானே முத்திரை குத்துவதற்கு 2023-இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒன்றுக்கு அதிகாரம் கொடுக்கப் பார்த்தார்கள். அரசைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று அரசே சொல்லுமாம்! 2024 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் மாநில அரசும் ஒரு சரிபார்ப்புப் பிரிவை வைத்திருக்கிறது. அது சொல்வதில் பயனுள்ளவை இருக்கலாம். ஆனால் எந்தக் கோட்டையிலிருந்து வந்தாலும் முத்திரை முத்திரைதான். பொய் போளூருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுப்பு சென்னையிலிருந்து கிளம்பும். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஒன்றேகால் லட்சம் செய்திகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 விழுக்காடு அதிகம். இதைச் செய்தது ரோபோ கணக்குகளா என்று பிரித்துப் பார்த்தார்கள். அதிகம் செய்தது மனிதர்கள். கை நம்முடையது என்றால், பயிற்சி அந்தக் கைக்குத்தான் வேண்டும்.

எதிர்ப்பு வரும், தெரியும். 'ஏற்கனவே ஆசிரியர்கள் எமிஸ் ஆப்பில் பதிவு போட்டே நேரம் போகுது' என்பார்கள். உண்மை. அந்தச் சுமையைக் குறையுங்கள், புதிய பாடத்துக்குத் தனியாக ஆள் போடுங்கள். உளவியல் முதுகலை படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம்மிடம் இல்லையா?

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனைப் பற்றி நாம சொல்லணுமா' என்று ஒரு வாதம். போனை இயக்கத் தெரிவது வேறு, போன் நம்மை இயக்குவதைத் தெரிந்துகொள்வது வேறு. இதற்குப் பதில் சொல்லவே நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது வாதம் கனமானது. எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை கடைசியில் எதையுமே நம்பாமல் போய்விடுவானே? 'எல்லாப் பத்திரிகையும் பொய், எல்லாக் கட்சியும் ஒண்ணுதான்' என்ற இடத்துக்கு வந்துவிட்டால்? இது நடக்கக்கூடியதுதான். எதையும் நம்பாதவன், எதையும் செய்யாதவன் ஆவான். பொய் வியாபாரிக்கு அவனும் லாபம்தான். அதனால்தான் இது வெறும் 'போலியைப் பிடி' விளையாட்டாக இருக்கக் கூடாது என்கிறோம். ஒரு நிருபர் ஒரு செய்தியை எப்படி உறுதிசெய்கிறார், தப்பு வந்தால் நல்ல பத்திரிகை எப்படித் திருத்தம் போடுகிறது, ஒரு தடுப்பூசி எத்தனை கட்டம் தாண்டி வருகிறது, இதெல்லாம் சேர்ந்துதான் பாடம். எதை நம்பலாம், ஏன் நம்பலாம் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் சந்தேகமும் ஒழுங்காக வரும்.

நான்காவதாக, 'வகுப்பறைக்குள் அரசியல் வந்துவிடும்'. வரட்டுமே! எந்த உதாரணத்தை எடுப்பது என்று கேட்கிறார்களா? எல்லாக் கட்சியின் பதிவுகளையும் எடுங்கள். எங்கள் கட்சியின் பதிவையும் எடுங்கள். இந்தப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நான் எங்கே உங்கள் உணர்ச்சியைத் தூண்டினேன், எங்கே எனக்குச் சாதகமானதை மட்டும் அடுக்கினேன் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கோடு போடட்டும். அந்த அம்மாவின் சாவைத் தொடக்கத்திலேயே ஏன் வைத்தேன்? 'நம்ம வீட்டுப் பாட்டி' என்று ஏன் எழுதினேன்? கேட்கட்டும். தன் பதிவைப் பிள்ளைகள் முன்னால் பிரித்துப் பார்க்கத் தயங்கும் கட்சி எதுவோ, அதற்குத்தான் இந்தப் பாடம் ஆகாது.

இப்போது நமக்குள்ளே ஒரு பேச்சு. கோபப்படாமல் கேளுங்கள்.

1983-இல் டேவிசன் என்ற சமூகவியலாளர் ஒன்றைச் சுட்டிக் காட்டினார். பிரச்சாரம் மற்றவர்களைத்தான் மாற்றும், என்னை மாற்றாது என்று கிட்டத்தட்ட எல்லோருமே நினைக்கிறார்கள் என்று. இவ்வளவு தூரம் படித்து வந்த உங்கள் மனதில் யார் முகம் ஓடியது? அந்தக் கட்சிக்காரன் முகம்தானே? 'சங்கிகள் படிக்க வேண்டிய பதிவு' என்று கமெண்ட் போட விரல் துறுதுறுக்கிறதா? அங்கேயும் இப்போது ஒருவர் நம்மை நினைத்து இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

டி.வி. சேனல் லோகோ போட்ட நியூஸ் கார்டு ஒன்று வருகிறது. எதிர்க்கட்சித் தலைவர் ஏடாகூடமாக ஏதோ சொன்னதாக இருக்கிறது. எழுத்துரு கொஞ்சம் மாறியிருக்கிறது, தேதி இல்லை. அந்தச் சேனலின் பக்கத்தில் தேடினால் அப்படி ஒன்றும் இல்லை. நம் குழுக்களில் அதை எத்தனை பேர் தேடிவிட்டு அனுப்புகிறோம்? 'பொய்யா இருந்தாலும் அவன் சொல்லக்கூடிய ஆளுதான்யா' என்று சொல்லிவிட்டு அனுப்புகிறவர் நம்மிடையே இல்லையா? அதை ஒருவர் 'தோழர், இது போலி' என்று சொன்னால் அவருக்கு என்ன நடக்கிறது? 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கிறோம். ஆஷின் அறையில் சரியான கோட்டைச் சொன்ன அந்த ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நாம் குழுவிலிருந்து தூக்குகிறோம்.

நம்முடைய கொள்கை சரி என்று நம்புகிறோம். அப்படியென்றால் அதற்குப் போலிக் கார்டு எதற்கு? நாளைக்கு நம்மைப் பற்றி ஒரு பொய் வரும். 2023-இல் வந்ததுபோல, நம் ஊரைப் பற்றியே வரும். அன்றைக்கு 'இது பொய்' என்று நாம் கத்தும்போது, 'நீங்களும்தானே அனுப்பினீங்க' என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வோம்?

ஆகவே, கேட்பது இது. 9-ஆம் வகுப்பு முதல் சமூக அறிவியலுக்குள் சமூக உளவியலும் ஊடகப் பயிற்சியும் சேர்ந்த ஒரு பகுதி வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்தக் குரூப் எடுக்கப்போகிறவர்களாக இருந்தாலும். மனப்பாடக் கேள்வி வேண்டாம், செய்முறை மதிப்பெண் போதும். உதாரணங்களை ஆசிரியரே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வேண்டும். ஆளுங்கட்சி யாராக இருந்தாலும், தன்னுடைய விளம்பரத்தைப் பாடத்தில் எடுத்துப் பேசியதற்காக ஓர் ஆசிரியருக்கு மெமோ கொடுக்கக் கூடாது.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இங்கே லைக் போடுவது அல்ல. உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து நின்று, மாதம் ஒரு பீரியடாவது இதற்கு ஒதுக்கலாமா என்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கட்சிக் கரை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள், பெற்றோராகப் போங்கள். தலைமையாசிரியர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கீழே எழுதுங்கள். 'முடியாது' என்றால் ஏன் என்றார் என்பதையும் சேர்த்து.

மேலே சொன்னதில் ஏதாவது தப்பு இருந்தால் அதையும் கமெண்டில் சொல்லுங்கள். சரிபார்த்துத் திருத்துகிறோம். உங்களை யாரும் பிளாக் பண்ண மாட்டார்கள்.

#பள்ளியில்_சமூகஉளவியல் #படித்துவிட்டுப்_பகிர்வோம்